தொழுகைக்கும் மரக்காலுக்கும் என்ன சம்பந்தம்?

 



அளவு என்றால் என்ன என்று நீடாமங்கலத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மூணாறு தலைப்பில் ஒரே தண்ணீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. ஷட்டரை ஒரு பக்கம் கூடுதலாகத் தூக்கினால் எங்கோ ஒரு கடைமடையில் பயிர் காய்கிறது. கடைமடைக்காரர் தலைப்புக்கு வந்து நின்று நியாயம் கேட்டால், அவரைக் கலகக்காரர் என்று நாம் சொல்வதில்லை. தன் பங்கைக் கேட்கிறார் என்றுதான் சொல்கிறோம். தண்ணீரில் நமக்கு இருக்கும் இந்தத் தெளிவு கூலியில் இருக்கிறதா? இந்த வாரம் உங்களோடு பேச விரும்புவது இதைத்தான்.

மத்யன் நகரத்து மக்கள் வியாபாரிகள். அளவையிலும் நிறுவையிலும் குறைப்பது அவர்களிடம் ஊறிப்போன பழக்கம். ஷுஐப் (அலை) அவர்கள் அல்லாஹ் ஒருவனையே வணங்குங்கள் என்று சொன்ன அதே மூச்சில், அளவையை நிறைவாகக் கொடுங்கள் என்றும் சொன்னார்கள். அதற்கு அந்த மக்கள் சொன்ன பதிலை ஹூது அத்தியாயத்தின் 87-வது வசனத்தில் பார்க்கலாம். எங்கள் பொருளை எங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று உம்முடைய தொழுகையா உமக்குச் சொல்கிறது என்று அவர்கள் கேலியாகக் கேட்டார்கள்.

முன்னோர்கள் வணங்கியதை விடச் சொன்னது அவர்களுக்கு ஒரு கோபம். தொழுகை கடைக்குள் நுழைந்து மரக்காலைத் தொட்டது இன்னொரு கோபம். இந்த இரண்டாவது கோபம் மத்யனோடு முடிந்துவிடவில்லை. ஓரிறையை ஏற்றுக்கொண்டவர்களிடமும் அது இருக்கும். பள்ளிக்குள் நுழையும்போது செருப்பை வாசலில் விடுவதுபோல் கூலிக் கணக்கையும் வாசலில் விட்டுவிட்டு வந்து, போகும்போது இரண்டையும் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

1937 டிசம்பர் 28 அன்று இதே நீடாமங்கலத்தில் தென் தஞ்சைக் காங்கிரஸ் மாநாடு நடந்தது. மாநாட்டுப் பந்தியில் தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர்கள் சிலரும் மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்காக அவர்கள் அடிக்கப்பட்டார்கள். தலை மொட்டையடிக்கப்பட்டது. சாணிப்பால் குடிக்க வைக்கப்பட்டார்கள். அந்தக் கொடுமையை 'விடுதலை' இதழ் வெளிக்கொண்டு வந்தபோது, செய்தி போட்ட இதழின் மீதே அவதூறு வழக்கு தொடுக்கப்பட்டது. அவர்கள் யாருடைய பொருளையும் எடுக்கவில்லை. பசித்தவர்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

இதைக் கேட்கும்போது நம் மனதில் ஒரு நிம்மதி எழும். நம்மிடம் இது இல்லையே, நம் கல்யாண வீடுகளில் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கை வைத்த இடத்தில் இன்னொருவர் கை வைத்துச் சாப்பிடுகிறோமே, பள்ளியில் ஸஃப்பில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் யார் என்று பார்ப்பதில்லையே என்று தோன்றும். உண்மைதான், அல்ஹம்துலில்லாஹ். இந்தப் பெருமையில் தவறில்லை. ஆனால் அந்தப் பெருமை எங்கே வரை போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பார்க்க வேண்டும்.

அபூதர் (ரலி) அவர்கள் முதன்மையான ஸஹாபாக்களில் ஒருவர். ஒருமுறை கோபத்தில் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அபூதரிடம், உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யத்தின் குணம் இருக்கிறது என்ற கருத்தில் கண்டித்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது. கண்டித்ததோடு அவர்கள் நிறுத்தவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. உங்கள் கீழ் வேலை செய்பவர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை அவர்களுக்கும் உண்ணக் கொடுங்கள், உடுத்துவதை உடுத்தக் கொடுங்கள், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் கூட நின்று உதவுங்கள் என்ற கருத்தில் தொடர்ந்து சொன்னார்கள். பேச்சு வாயிலிருந்து ஆரம்பித்தது. சாப்பாடு, துணி, வேலை என்று நீண்டு போனது. இழிவான வார்த்தையை விட்டுவிட்டேன் என்று சொல்லி ஒருவர் அங்கேயே தப்பித்துக்கொள்ள முடியாதபடி நபி (ஸல்) அவர்கள் வழியை அடைத்துவிட்டார்கள்.

இப்போது கொஞ்ச நேரம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது. காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே கறுப்பின மக்கள் நடத்திய போராட்டம், நம் டெல்டாவில் நடந்த போராட்டத்தின் அதே படிகளில் ஏறி வந்தது. முதல் படி பந்தி, அடுத்த படி மரக்கால்.

1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையர்களுக்கு மட்டும் பரிமாறும் ஒரு கடையின் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். பரிமாற மறுத்தார்கள், அவர்கள் எழுந்திருக்கவில்லை. நீடாமங்கலத்துப் பந்தியில் 22 ஆண்டுகளுக்கு முன் நடந்த அதே வழக்குதான். நம் நாட்டில் அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு 1950-லேயே தீண்டாமையை ஒழித்துவிட்டது. அமெரிக்காவில் 1964-ல்தான் குடியுரிமைச் சட்டம் வந்து உணவகங்களிலும் விடுதிகளிலும் நிறவேற்றுமையைத் தடுத்தது.

அதே 1964-ல்தான் மால்கம் எக்ஸ் ஹஜ்ஜுக்குப் போனார். வெள்ளையர்கள் எல்லோரும் பிறவியிலேயே தீயவர்கள் என்று அதுவரை மேடை மேடையாகப் பேசியவர் அவர். மக்காவில் வெள்ளைத் தோல் கொண்ட முஸ்லிம்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டதையும், ஒரே விரிப்பில் தூங்கியதையும், ஒன்றாகத் தொழுததையும் பற்றி ஊருக்குக் கடிதம் எழுதினார். நம் மேடைகளில் இந்தச் சம்பவத்தைச் சொல்லாத பயான் கிடையாது. ஆனால் நாம் வழக்கமாக இதோடு முடித்துவிடுகிறோம். கதையின் மீதி இரண்டு பகுதிகளையும் சொல்லிவிடுகிறேன்.

மால்கம் எக்ஸ் மக்காவில் அந்தச் சமத்துவத்தைக் கண்டதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு, 1962-ல்தான், சவூதி அரேபியாவில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதாவது பல நூறு ஆண்டுகளாக எஜமானும் அடிமையும் ஒரே இஹ்ராம் உடுத்தி, கஅபாவை ஒன்றாக வலம் வந்து, தொழுகை முடிந்ததும் எஜமானாகவும் அடிமையாகவும் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். இஸ்லாம் அடிமைகளை விடுவிப்பதைப் பெரும் நன்மையாகவும் பல குற்றங்களுக்குப் பரிகாரமாகவும் ஆக்கி வைத்திருந்தும், முஸ்லிம்கள் அந்தக் கதவை முழுதாகத் திறக்க இவ்வளவு காலம் ஆனது. ஸஃப்பில் சமம் என்பது வெளியில் தானாக வந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அடுத்து, ஹஜ்ஜிலிருந்து திரும்பிய மால்கம் என்ன செய்தார் என்பது. அவரிடம் ஏற்கெனவே முஸ்லிம்களுக்கென்று ஓர் அமைப்பு இருந்தது. ஹஜ் முடித்து வந்த பிறகு, 1964 ஜூன் மாதத்தில், அதிலிருந்து தனியாக இன்னோர் அமைப்பைத் தொடங்கினார். ஆப்பிரிக்க அமெரிக்க ஒற்றுமைக்கான அந்த அமைப்பில் சேர முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கிறிஸ்தவர்களும் எந்த மதமும் இல்லாதவர்களும் அதில் இருக்கலாம். உண்மையான இஸ்லாத்தின் சுவையை அறிந்த பிறகுதான் அவர் முஸ்லிமல்லாத தம் மக்களின் உரிமைக்காக இப்படி வாசலை அகலமாகத் திறந்தார். அடுத்த பிப்ரவரியில், 1965-ல், மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இனி மரக்காலுக்கு வருவோம்.

கீழத் தஞ்சையில் பண்ணையாட்களின் நிலை என்னவாக இருந்தது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் நீடாமங்கலத்தில் ஒரு நாள் மட்டும் நடந்த அதிசயம் அல்ல, அன்றாடத் தண்டனைகள். 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் வந்து விவசாயச் சங்கம் கட்டினார்கள். சவுக்கால் அடிக்கக் கூடாது, சாணிப்பால் கொடுக்கக் கூடாது என்பவற்றோடு, முத்திரை போட்ட மரக்காலால்தான் கூலி அளக்க வேண்டும் என்பதும் அன்றைய கோரிக்கைகளில் ஒன்று. அதற்கு ஏன் போராட வேண்டி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். வாங்கும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது வேறு மரக்கால் இருந்தால்தானே அப்படிக் கேட்க வேண்டி வரும்? முதஃப்பிஃபீன் அத்தியாயத்தின் முதல் மூன்று வசனங்கள் இவர்களைப் பற்றித்தான் பேசுகின்றன: பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துவிடுகிறவர்களுக்குக் கேடுதான் என்று. சின்ன விஷயம் என்று நாம் நினைப்பதற்கு ஒரு முழு அத்தியாயமே இறங்கியிருக்கிறது.

1968-ல் வெண்மணியில் கூலித் தொழிலாளர்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதலாக. நிலவுடைமையாளர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம் மறுத்தது. செங்கொடியை இறக்கச் சொன்னது. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுவடை செய்தது. டிசம்பர் 25 இரவு மோதல் ஏற்பட்டது. அதில் மறுபக்கத்தைச் சேர்ந்த ஒருவரும் உயிரிழந்தார். அதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. தாக்க வந்தவர்களுக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்கள் எல்லோரையும் விடுவித்தது. பெரும் நிலம் உள்ளவர்கள், கார் வைத்திருப்பவர்கள் நேரில் நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்பது தீர்ப்பில் இருந்த காரணங்களில் ஒன்று.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. பித்ரா கொடுத்த கை காயவில்லை என்று சொல்லலாம். இரண்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமை வந்தது. இந்த டெல்டா முழுக்க நம் பள்ளிகளில் பாங்கு சொல்லப்பட்டது, ஸஃப்கள் நேராக்கப்பட்டன.

அதே 1968-ஆம் ஆண்டுதான் அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். எங்கே, எதற்காகப் போயிருந்தபோது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மெம்பிஸ் நகரில் குப்பை அள்ளும் தொழிலாளர்கள், ஏறக்குறைய எல்லோருமே கறுப்பர்கள், சுமார் 1,300 பேர், கூலிக்காகவும் பாதுகாப்புக்காகவும் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். மழைக்கு ஒதுங்கிய இரண்டு தொழிலாளர்கள் குப்பை லாரியின் நசுக்கும் இயந்திரத்தில் சிக்கி இறந்ததில் ஆரம்பித்த கோபம் அது. நானும் மனிதன்தான் என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். கிங் அங்கே பேசியபோது, ஓட்டலில் சரிசமமாக உட்கார உரிமை கிடைத்தும் சாப்பாடு வாங்கக் கையில் காசில்லை என்றால் என்ன பயன் என்ற கருத்தைச் சொன்னார். ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். பந்தியில் ஆரம்பித்த பயணம் கூலியில் வந்து நின்றபோதுதான் துப்பாக்கி வெளியே வந்தது. இங்கே தீப்பந்தம்.

கிங் நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார். 1959-ல் ஒரு மாதம் சுற்றினார். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று தலைமை ஆசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் கிங்குக்கு அது சுருக்கென்று குத்தியதாம். பிறகு தம் மக்களின் நிலையை யோசித்துப் பார்த்து, ஆம், அது உண்மைதான் என்று ஏற்றுக்கொண்டதாக அவரே பின்னாளில் தம் தேவாலயத்தில் சொன்னார். அநீதியை அனுபவிப்பவர்கள் ஒருவரை ஒருவர் சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

சகோதரர்களே, இதையெல்லாம் ஒரு ஜும்ஆ மேடையில் எதற்குப் பேச வேண்டும், எரிந்தவர்களும் நம்மவர்கள் இல்லை, எரித்தவர்களும் நம்மவர்கள் இல்லையே என்று உங்களில் யாராவது நினைத்தால், அந்த நினைப்பைத்தான் இன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்களுக்கு அப்போது ஏறக்குறைய 20 வயது. நுபுவ்வத் வர இன்னும் 20 ஆண்டுகள் இருக்கின்றன. யமன் நாட்டு ஸுபைத் கோத்திரத்தைச் சேர்ந்த ஒரு வியாபாரி மக்காவுக்குச் சரக்கு கொண்டுவந்தார். குறைஷிப் பெரும்புள்ளியான ஆஸ் இப்னு வாயில் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தரவில்லை. வெளியூர்க்காரர், கேட்க ஆளில்லை. அவர் மலைமேல் ஏறி நின்று நியாயம் கேட்டு முறையிட்டார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் சில கோத்திரத்தார் கூடி, மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவர் உள்ளூர்க்காரரானாலும் வெளியூர்க்காரரானாலும் உரியது அவர் கைக்கு வரும்வரை ஒன்றாக நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள். இதுதான் ஹில்ஃபுல் ஃபுளூல். அந்தச் சபையில் நபி (ஸல்) அவர்களும் இருந்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். கூடியது இணைவைப்பவர் ஒருவரின் வீட்டில். கூடியவர்கள் அன்றைய மக்காவின் சிலை வணங்கிகள். பிரச்சினை ஒரு மனிதருக்கு வர வேண்டிய பணம். நுபுவ்வத் வந்த பிறகு, மதீனாவில் இருக்கும்போது, நபி (ஸல்) அவர்கள் இந்த ஒப்பந்தத்தை நினைவுகூர்ந்து, செந்நிற ஒட்டகங்களைக் கொடுத்தாலும் அதைவிட இது எனக்கு மேலானது, இஸ்லாத்தில் இருக்கும்போது அதன் பெயரால் என்னை அழைத்தாலும் நான் போவேன் என்ற கருத்தில் சொன்னார்கள். ஷஹாதத் சொன்னவர்கள் கூட்டினால் மட்டும் வருவேன் என்று சொல்லவில்லை. அழைப்பவர் யார் என்பதை விட எதற்கு அழைக்கிறார் என்பதை எடை போட்டார்கள். செங்கொடிக்காரர்களின் கொள்கையில் நமக்கு உடன்பாடு இல்லாத விஷயங்கள் உண்டு, பெரியாரியத்தில் இன்னும் அதிகமாக உண்டு. ஆனால் அரைப்படி நெல் நியாயமா இல்லையா என்ற கேள்விக்கு, கேட்டவர் பிடித்திருந்த கொடி பதிலாகாது.

இன்னொரு பேச்சும் உண்டு. ஏழைகள் ஸப்ரு செய்ய வேண்டும், அல்லாஹ் அவர்களுக்கு மறுமையில் கொடுப்பான் என்பது. இதை ஏழை தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் அது ஈமான். கூலி கொடுக்க வேண்டியவர் ஏழைக்குச் சொன்னால் அது என்ன? 1963-ல் பர்மிங்ஹாம் நகரில் கிங் சிறையில் இருந்தபோது, அவசரப்படாதீர்கள், பொறுத்திருங்கள், தெருவுக்கு வராதீர்கள் என்ற கருத்தில் அவருடைய போராட்டத்தைக் கண்டித்து அறிக்கை விட்டவர்கள் எட்டு மதத்தலைவர்கள். பாதிரியார்களும் ஒரு யூத ரப்பியும். கெட்ட மனிதர்கள் அல்ல; நிறவெறியர்கள் என்று சொல்லவும் முடியாது. ஊரில் அமைதி கெடக் கூடாது என்று நினைத்தவர்கள். மிம்பரில் ஏறுகிற எங்களைப் போன்றவர்களுக்கு இந்த எட்டுப் பேரின் கதை, ஃபிர்அவ்னின் கதையை விட அதிகம் பயமூட்ட வேண்டும். ஏனென்றால் ஃபிர்அவ்னாக ஆகும் வசதி எங்களில் யாருக்கும் இல்லை. அந்த எட்டுப் பேரில் ஒருவராக ஆவது ரொம்ப சுலபம்.

மூஸா (அலை) அவர்கள் தம் மக்களுக்கு ஸப்ரை உபதேசித்தார்கள் என்று அஃராஃப் அத்தியாயத்தின் 128-வது வசனத்தில் வருகிறது. அதே அத்தியாயத்தின் 105-வது வசனத்தில், ஃபிர்அவ்னின் எதிரில் நின்று இஸ்ரவேலர்களை என்னோடு அனுப்பிவிடு என்று கேட்டவர்களும் அதே மூஸா (அலை) தான். மக்களிடம் ஸப்ரு, அரசனிடம் கோரிக்கை. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்பது நீங்கள் எல்லோரும் கேட்ட ஹதீஸ். முஸ்னத் அஹ்மதில் வரும் ஓர் அறிவிப்பில், அவர் காஃபிராக இருந்தாலும் சரியே என்ற கருத்தும் சேர்ந்து வருகிறது. ஆக, வயலில் நிற்கும் அந்தப் பெண்ணின் வயிற்றெரிச்சல் கலிமா இல்லாத காரணத்தால் நம் கூரையைத் தாண்டி மேலே போகாது என்று யாரும் தைரியம் கொள்ள வேண்டாம். 1981-ல் மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்துக்கு வந்தபோது நாம் மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதுதான். ஆனால் கலிமா சொன்ன பிறகுதான் நம்மிடம் நியாயம் கிடைக்கும் என்று ஒரு மனிதர் நினைக்கும்படி நாம் நடந்துகொண்டால், நாம் அழைத்தது தீனுக்கா, பேரத்துக்கா? ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்புகூட உங்களை நீதியிலிருந்து நகர்த்திவிடக் கூடாது என்பது மாயிதா அத்தியாயத்தின் 8-வது வசனம் தரும் எச்சரிக்கை. வெறுப்பே தடுக்கக் கூடாது என்றால் வெறும் அலட்சியம் தடுக்கலாமா?

வெண்மணிக்குப் பிறகு காந்தியவாதிகளான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் இந்தப் பகுதிக்கு வந்து தங்கினார்கள். நிலத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை. 1981-ல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, உடைமையாளர்களிடம் பேசி, விலை கொடுத்து வாங்கி, நிலமில்லாத பெண்களின் பெயரில் பதிவு செய்து கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படிச் சொந்த நிலத்தில் கால் வைத்தன. அவர்கள் வந்ததும் வெளியூரிலிருந்துதான். ஸுபைத் வியாபாரிக்காக எழுந்து நின்ற குறைஷியரைப் போல, தமக்கு நேராத அநீதிக்காக எழுந்தவர்கள்.

சரி, இன்றைக்கு வருவோம். பண்ணையாள் முறை போய்விட்டது. மரக்காலும் போய்விட்டது. அறுவடைக்கு இயந்திரம் வருகிறது, நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் குழுவாக ஆட்கள் வருகிறார்கள். நஞ்சை வைத்திருந்த நம் குடும்பங்களில் பலர் கடைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். அதனால் இந்தக் கேள்வி நம்மை விட்டுப் போய்விட்டதா?

நம் ஃபிக்ஹு நூல்களில் இஜாரா பாடத்தை எடுத்துப் பாருங்கள். ஹனஃபியாகட்டும், ஷாஃபியாகட்டும், கூலி இவ்வளவு என்று இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. செய்யுங்கள், பார்த்துக் கொடுக்கிறேன் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதை நம் இமாம்கள் ஒழுங்கான ஒப்பந்தமாக ஏற்கவில்லை. ஏனென்றால் அந்தப் 'பார்த்து' என்ற வார்த்தையில் பார்ப்பவர் எப்போதும் முதலாளிதான். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஹதீஸை நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். முதலில் கூலி எவ்வளவு என்பதே பேசப்படாத இடத்தில், வியர்வை உலர்ந்ததா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்குச் சம்பளம் இரண்டு மாதம் நின்றுபோனால் வீட்டில் என்ன பாடு படுகிறோம்! கஃபீல் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டான் என்றால் ஊரே பேசுகிறது. அந்தப் பேச்சு நியாயமானது. அதே நியாயத்தோடு நம் கடைக்குள் திரும்பிப் பாருங்கள். காலையிலிருந்து இரவுவரை நின்றே விற்பனை செய்யும் பெண் பிள்ளைகள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டம்! சக்திக்கு மீறிச் சுமத்தாதீர்கள் என்று அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டதைக் கேட்ட சமுதாயம், அந்த நாற்காலியைச் சட்டம் வரும்வரை போடாமல் இருந்திருக்கக் கூடாது. போட்டிருந்த கடைகளும் உண்டு. அவர்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

விளைச்சலுக்கு உஷ்ர் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறவர்கள் சிலருக்கு ஒரு சந்தேகம் வரும். ஜகாத்தும் உஷ்ரும் சரியாகக் கொடுத்துவிட்டால் பொருள் சுத்தமாகிவிடுகிறதே என்று. நம் பொருள்தான் ஜகாத்தால் சுத்தமாகும். கொடுக்காமல் வைத்திருக்கும் கூலி நம் பொருளே அல்ல; அது அவருடைய பொருள், நம் பெட்டியில் இருக்கிறது. அதில் ஸதகா கொடுக்கவும் நமக்கு உரிமை இல்லை.

இங்கே நிர்வாகிகளிடமும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கு மினாரா கட்டவும் ஏசி போடவும் வசூல் செய்கிற ஜமாஅத்துகளில் சில, ஐந்து வேளையும் பாங்கு சொல்லி, ஹவ்ளைச் சுத்தம் செய்து, மய்யித்து வீட்டுக்கும் ஓடுகிற மோதினாருக்கு என்ன கொடுக்கின்றன? பள்ளியின் கணக்குப் புத்தகத்திலேயே அரைப்படி குறையும்போது, நாங்கள் மிம்பரில் எதைப் பேசி என்ன ஆகப் போகிறது?

சம்பா நடவு நெருங்கிக்கொண்டிருக்கிறது. நிலம் வைத்திருப்பவர்கள் ஆள் பேசும்போது கூலியை முன்பே சொல்லிவிடுங்கள். ஏஜெண்ட் கையில் கொடுத்த பணம், சேற்றில் நின்றவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு தடவை கேளுங்கள். மொழி தெரியாவிட்டால் தெரிந்த பிள்ளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மழை வந்து வேலை பாதியில் நின்றுபோனால் அந்த நாளுக்கு என்ன என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். பழைய பாக்கி இருந்தால், அது நீங்கள் வைத்ததோ உங்கள் வாப்பா வைத்துவிட்டுப் போனதோ, வாங்க வேண்டியவர் இருக்கிறாரா என்று தேடுங்கள். அவர் இல்லையென்றால் அவர் பிள்ளைகள் இருப்பார்கள். மய்யித்தின் கடனை வாரிசுகள் தீர்க்கும்போது வங்கிக் கடனையும் நகைக் கடனையும் கேட்டு விசாரிக்கிறோம். களத்துமேட்டில் நின்ற கடனையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன்.